களத்துக்குப் போய் எழுதுவது: புதிதாகத் தொடங்குகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செய்திக் கட்டுரையும் களப்பதிவும் எழுதப் பழகுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. கேள்விகள் பலவானாலும் என் பதில் பல இடங்களில் ஒரே திசையில்தான் போகும். வாக்கியம் வரவில்லை என்று தவிக்கும்போது குறை பெரும்பாலும் நடையில் இருக்காது, நோட்டில் இருக்கும். சேகரித்தது போதவில்லை என்று அர்த்தம்.

செய்தி, ரிப்போர்ட், குரோனிக்கிள்: மூன்றும் ஒன்றுதானே?

இல்லை. ஒரு பாலம் இடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எத்தனை மணிக்கு இடிந்தது, எத்தனை பேருக்குக் காயம், போக்குவரத்து எந்த வழியில் திருப்பிவிடப்பட்டது என்று சொன்னால் செய்தி. கடைசியாகப் பாலத்தைச் சோதித்தது யார், அந்த அறிக்கையில் என்ன எழுதியிருந்தார்கள், படித்தவர்கள் ஏன் சும்மா இருந்தார்கள் என்று தோண்டினால் ரிப்போர்ட். பாலம் இல்லாத 40 நாளை இரு கரை மக்களும் எப்படிக் கழித்தார்கள் என்று கூடவே இருந்து பார்த்து, காலம் நகர்வது தெரியும்படி எழுதினால் குரோனிக்கிள்.

கிரேக்கச் சொல்லான ‘குரோனோஸ்’ காலத்தைக் குறிப்பது. அதிலிருந்து வந்த பெயர் இது. தமிழில் நாள்வழிப் பதிவு, நிகழ்வுப் பதிவு, களக்கட்டுரை என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறோம். லத்தீன் அமெரிக்க நாடுகளில் ‘குரோனிக்கா’ என்று தனி எழுத்துவகையாகவே வளர்ந்திருக்கிறது. கதைபோல ஓடும், ஆனால் ஒரு தகவல்கூடக் கற்பனையாக இருக்கக் கூடாது. எந்தப் பெயரில் அழைத்தாலும் இந்த நிபந்தனை மாறாது.

இதழியல் பட்டம் வேண்டுமா?

வேண்டாம். படித்திருந்தால் அவதூறுச் சட்டம், நீதிமன்றச் செய்திகளுக்கான விதிகள் போன்றவை முன்பே தெரிந்திருக்கும், அது நல்லதுதான். படிக்காதவர்கள் அந்த இரண்டையும் தனியாக உட்கார்ந்து படித்துவிடுங்கள். மற்றதெல்லாம் நடந்து நடந்து வருவது.

எதைப் பற்றி எழுதுவது என்றே தெரியவில்லையே?

“தண்ணீர்ப் பிரச்சினையைப் பற்றி எழுதப் போகிறேன்” என்று ஒருவர் சொன்னால், இன்னும் தொடங்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வேன். தண்ணீர்ப் பிரச்சினை ஒரு தலைப்பு. அது கட்டுரையாக வேண்டுமானால் ஓர் ஆள், ஓர் இடம், ஒரு கேள்வி வேண்டும். ‘ஒரே குழாயிலிருந்து இரண்டு தெருவுக்குப் போகும் தண்ணீர், ஒரு தெருவுக்கு மட்டும் ஏன் இரவு 2 மணிக்கு வருகிறது? வால்வைத் திறப்பவர் யார்?’ இப்படிக் கேட்டால் நாளைக் காலையில் எங்கே போய் நிற்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

எடுத்த கருத்து கட்டுரையாகுமா என்று பார்க்க எனக்கு ஒரே ஒரு சோதனைதான். கேள்விக்குறியில் முடியும் ஒற்றை வாக்கியமாக அதை எழுத முடிகிறதா? பதில் எனக்கு ஏற்கெனவே தெரியுமா? தெரியும் என்றால் அங்கே கருத்துதான் இருக்கிறது, கட்டுரைக்கான சரக்கு இல்லை.

போவதற்கு முன் எவ்வளவு படிக்க வேண்டும்?

முட்டாள்தனமான கேள்வி கேட்காத அளவுக்கு. அதற்கு மேல் படித்தால், போய்ப் பார்ப்பதற்கு முன்பே மனசுக்குள் கட்டுரையை எழுதி முடித்துவிடுவீர்கள். பழைய செய்திகள், ஓரிரு அரசு அறிக்கைகள், அந்தத் துறையில் புழங்கும் பத்து இருபது சொற்கள் போதும். சொற்கள் ரொம்ப முக்கியம். ஒருவரிடம் அவருடைய வேலையைப் பற்றி அவருடைய சொல்லிலேயே கேட்டால், பதில் இரண்டு மடங்கு நீளமாக வரும்.

களத்தில் எதையெல்லாம் குறித்துக்கொள்வது?

இந்தக் கேள்விக்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். ஒரு முறை, எழுதப் பழகிக்கொண்டிருந்த ஒருவர், மூடப்படவிருந்த ரயில்வே கேட்டைப் பற்றி எழுதிக்கொண்டு வந்தார். கீழே சுரங்கப்பாதை வருகிறது, கேட்கீப்பருக்கு அந்த இடத்தில் அதுதான் கடைசி வாரம். எழுதியவரின் முதல் வரைவு இப்படி இருந்தது: “பல ஆண்டுகளாக அர்ப்பணிப்போடு பணியாற்றிய அவரது முகத்தில் இனம் புரியாத சோகம் இழையோடியது.”

நோட்டைக் காட்டச் சொன்னேன். அதில் கேட்கீப்பரின் வயது, பணியில் சேர்ந்த ஆண்டு, ‘வருத்தமாக இருக்கிறது’ என்ற ஒரு வரி. அவ்வளவுதான். திரும்பிப் போய், பேட்டி எதுவும் எடுக்காமல் மூன்று மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கச் சொன்னேன். அடுத்த வரைவு:

“போன் அடித்தது. எடுத்துக் கேட்டார். பதிவேட்டில் நேரத்தை எழுதினார். அதற்கப்புறம்தான் எழுந்தார். கேட்டை இறக்கிவிட்டு வந்து மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். அதில் வாட்ச் இல்லை, வெயில் படாத ஒரு வெள்ளைப் பட்டைதான் இருந்தது. போன மாதம் நின்றுவிட்டதாம். இனி எதற்கு என்று ரிப்பேருக்குக் கொடுக்கவில்லையாம்.”

‘சோகம்’ என்ற சொல் போய்விட்டது. யாருக்காவது குறை தெரிகிறதா? நடை திருந்தியதால் வந்த மாற்றமில்லை இது. இரண்டாம் முறை போனபோது நோட்டில் மணிக்கட்டு இருந்தது.

ஆகவே குறித்துக்கொள்ள வேண்டியவை: எண்ணக்கூடியது எல்லாம் (ஒரு மணி நேரத்தில் கேட் எத்தனை முறை மூடியது, எத்தனை நிமிடம்), எழுதி ஒட்டியிருப்பது எல்லாம் (சுவரில், கதவில், காலண்டரில்), கை செய்யும் வேலை, சத்தம், வாசனை, யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பது. ‘அழுக்கான அறை’ என்று எழுதாதீர்கள், அழுக்கு எங்கே, என்ன நிறத்தில் என்று எழுதுங்கள். இரவு வீட்டுக்கு வந்ததும், தூங்குவதற்கு முன், கிறுக்கியதை முழு வாக்கியங்களாக விரித்து எழுதிவிடுங்கள். மறுநாள் காலையில் பாதி போய்விடும், உங்கள் கையெழுத்து உங்களுக்கே புரியாது.

முன்பின் தெரியாதவரிடம் பேசக் கூச்சமாக இருக்கிறது.

எல்லாருக்கும் இருக்கும். எனக்கு இன்னும் இருக்கிறது. ஒரு விதத்தில் அது நல்லது. கூச்சப்படுகிறவர் குறைவாகப் பேசுவார், எதிராளி நிறையப் பேசுவார்.

‘இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?’ என்று தொடங்காதீர்கள். நினைப்பதைக் கேட்டால் பேப்பரில் படித்ததையே திருப்பிச் சொல்வார்கள். ‘அன்றைக்குக் காலையில் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்? அப்புறம்?’ என்று கேளுங்கள். ‘அப்புறம்?’ என்பதைவிட நல்ல கேள்வி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. பதில் முடிந்த மாதிரி தோன்றும் இடத்தில் நாலு நொடி வாயை மூடிக்கொண்டு இருங்கள். அந்த மௌனத்தை நிரப்ப அவரே இன்னொன்று சொல்வார், பல நேரம் அதுதான் கட்டுரையில் நிற்கும். கிளம்பும்போது இரண்டு கேள்வி மறக்கக் கூடாது: ‘நான் கேட்காமல் விட்டது ஏதாவது உண்டா?’, ‘இதைப் பற்றி இன்னும் யாரிடம் பேசலாம்?’

ரெக்கார்டரா, நோட்டா?

இரண்டும். அனுமதி கேட்டுவிட்டு ரெக்கார்டரை வையுங்கள், பேச்சு சரியாகக் கிடைக்கும். ஆனால் ரெக்கார்டருக்குக் கண் கிடையாது. அவர் பேசும்போது கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினார் என்பது நோட்டில்தான் இருக்கும். ஒலியை எழுத்தாக மாற்றித் தரும் கருவிகள் இப்போது இருக்கின்றன, பேச்சுத்தமிழில் அவை நிறையத் தடுமாறும். மேற்கோளாகப் போடப்போகும் இடத்தை நீங்களே காதால் கேட்டுவிடுங்கள்.

முக்கியமான ஆள் பேசவே மறுக்கிறார். கட்டுரை அவ்வளவுதானா?

1965 இறுதியில், அமெரிக்கப் பாடகர் ஃபிராங்க் சினாட்ராவைப் பற்றி எழுத ‘எஸ்குயர்’ பத்திரிகை கே டலீஸ் என்ற எழுத்தாளரை அனுப்பியது. சினாட்ராவுக்கு ஜலதோஷம், பேட்டி இல்லை என்றார்கள். டலீஸ் ஊர் திரும்பாமல், சினாட்ராவைச் சுற்றியிருந்த ஏராளமானவர்களிடம் பேசினார், தூரத்தில் நின்று அவரைக் கவனித்தார். பேட்டியே இல்லாமல் 1966 ஏப்ரலில் வந்த அந்தக் கட்டுரை இன்றும் இதழியல் வகுப்புகளில் பாடமாக இருக்கிறது. ஒருவரைப் பற்றி அவரைவிட நன்றாக, அவருக்காகக் காத்திருக்கிறவர்கள் சொல்லிவிடுவார்கள்.

ஆனால் ஒன்று. கட்டுரையில் ஒருவர்மேல் குற்றச்சாட்டு இருந்தால், அவரிடம் பதில் கேட்காமல் வெளியிடவே கூடாது. குற்றச்சாட்டு என்ன என்று தெளிவாக எழுதி, பதில் சொல்ல நியாயமான நேரம் கொடுத்து அனுப்புங்கள். மாலை 6 மணிக்கு அனுப்பிவிட்டு 7 மணிக்கு ‘பதிலளிக்கவில்லை’ என்று எழுதுவது நேர்மையில்லை.

ஆவணங்களை எங்கே தேடுவது?

நீதிமன்றத் தீர்ப்புகள், தணிக்கை அறிக்கைகள், டெண்டர் அறிவிப்புகள், நிறுவனப் பதிவுகள், சட்டமன்ற, நாடாளுமன்றக் கேள்வி பதில்கள். பாதி இணையத்திலேயே இருக்கும், யாரும் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். அரசு ஆவணங்களை மக்கள் பார்க்கலாம் என்று 1766-லேயே சுவீடன் சட்டம் போட்டது. இன்று பல நாடுகளில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. மனு எழுதும்போது ‘எல்லாத் தகவலும் வேண்டும்’ என்று கேட்டால் ஒன்றும் வராது. எந்த ஆவணம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த அலுவலகம் என்று குறுக்கிக் கேளுங்கள். ஆவணம் கையில் வந்ததும் அட்டையை விட்டுவிட்டு இணைப்புகளைப் படியுங்கள். சங்கடமான எண்களைப் பின்னால்தான் வைப்பார்கள்.

நேரில் பார்த்தவரே சொல்கிறார், பிறகும் சரிபார்க்க வேண்டுமா?

கட்டாயம். நேரில் பார்த்தவர் பொய் சொல்கிறார் என்பதற்காக இல்லை. ஞாபகம் என்பது அப்படிப்பட்ட சரக்கு.

1955-ல் கொலம்பியக் கடற்படைக் கப்பலிலிருந்து எட்டு மாலுமிகள் கடலில் விழுந்தார்கள். ஒருவர் மட்டும் பத்து நாள் தெப்பத்தில் மிதந்து பிழைத்தார். புயல்தான் காரணம் என்பது அதிகாரபூர்வக் கதை. ‘எல் எஸ்பெக்தாதோர்’ நாளிதழின் இளம் நிருபர் காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் அந்த மாலுமியோடு தினமும் ஆறு மணி நேரம், இருபது அமர்வுகள் உட்கார்ந்தார். நடுநடுவே குறுக்குக் கேள்வி போட்டு முரண்பாடு இருக்கிறதா என்று சோதித்தார். புயலை விவரிக்கச் சொன்னபோது, புயலே இல்லை என்று மாலுமி சொன்னார். மேல்தளத்தில் கட்டியிருந்த கடத்தல் சரக்கு அவிழ்ந்ததுதான் ஆட்களைக் கடலில் தள்ளியிருந்தது. தொடர் 14 பகுதியாக வந்தது, அரசு மறுத்தது. பத்திரிகை என்ன செய்தது என்பதுதான் நமக்குப் பாடம். அதே கப்பலில் இருந்த மற்ற மாலுமிகளைத் தேடிப்போய், அவர்கள் பயணத்தில் எடுத்த புகைப்படங்களை வாங்கி வெளியிட்டது. படத்தில் சரக்குப் பெட்டிகள் தெரிந்தன.

ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்ல வேண்டும், இரண்டு பேர் சொன்னதை ஒரு காகிதமோ படமோ சொல்ல வேண்டும். இதில் ஒரு பொறி இருக்கிறது. இரண்டாமவர் அதை முதலாமவரிடமிருந்தே கேட்டுச் சொல்கிறார் என்றால் கணக்கு இன்னும் ஒன்றுதான். ‘இது உங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள், பலர் அப்போதுதான் யோசிப்பார்கள்.

‘ஆஃப் த ரெக்கார்ட்’ என்று சொல்லிவிட்டுப் பேசினால்?

பேசுவதற்கு முன்பே அதற்கு என்ன அர்த்தம் என்று இரண்டு பேரும் ஒத்துக்கொள்ளுங்கள். வெளியிடவே கூடாதா, பெயரில்லாமல் வெளியிடலாமா, வேறு இடத்தில் உறுதிப்படுத்திக்கொண்டால் போடலாமா? ஆளுக்கு ஆள் அர்த்தம் வேறு. வாக்குக் கொடுத்துவிட்டால் அது கொடுத்ததுதான். பெயர் மறைத்தால் மட்டும் போதாது. ஊர், வயது, வேலை மூன்றையும் சேர்த்துப் போட்டால் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆள் தெரிந்துவிடும்.

முதல் பத்தி வரவே மாட்டேன் என்கிறது.

அப்படியானால் இரண்டாம் பத்தியிலிருந்து எழுதுங்கள். சாதாரணச் செய்திக்குத் தலைகீழ்ப் பிரமிடு போதும். முக்கியமானது மேலே, கீழே போகப் போக எடை குறையும், எடிட்டிங் டெஸ்க்கில் கடைசிப் பத்தியை வெட்டினாலும் செய்தி நிற்கும். களப்பதிவுக்கு அது ஒத்துவராது, அதன் கடைசிப் பத்தியை வெட்டினால் கட்டுரையே செத்துவிடும்.

திரும்பி வந்ததும் நோட்டைத் திறக்காமல் ஒரு நண்பரிடம் வாயால் சொல்லிப்பாருங்கள். எந்த இடத்தில் தொடங்கினீர்களோ, அதுதான் பெரும்பாலும் முதல் பத்தி. எந்த இடத்தில் அவர் போனைப் பார்த்தாரோ, அதை வெட்டலாம்.

நான் நேரில் பார்க்காத காட்சியை விவரிக்கலாமா?

விவரிக்கலாம், ஒவ்வொரு துண்டும் எங்கிருந்து வந்தது என்று காட்ட முடிந்தால். 1945 ஆகஸ்ட் 6 காலை 8:15-க்கு அணுகுண்டு விழுந்தபோது, அமெரிக்க நிருபர் ஜான் ஹெர்சி ஹிரோஷிமாவில் இல்லை. அடுத்த ஆண்டு போய், உயிர் பிழைத்த ஆறு பேரின் கதையைக் கேட்டு, அந்த நொடியில் ஒவ்வொருவரும் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று எழுதினார். 1946 ஆகஸ்ட் 31 ‘நியூயார்க்கர்’ இதழை அந்த ஒரே கட்டுரைக்குக் கொடுத்துவிட்டார்கள். படித்தால் பக்கத்தில் நின்று பார்த்தவர் எழுதிய மாதிரி இருக்கும். கேட்டதுதான் எல்லாம்.

மறுபக்கமும் உண்டு. 1980-ல் ‘வாஷிங்டன் போஸ்ட்’டில் ஹெராயினுக்கு அடிமையான எட்டு வயதுச் சிறுவனைப் பற்றிய கட்டுரை வந்தது, 1981-ல் புலிட்சர் பரிசும் பெற்றது. அப்படி ஒரு சிறுவனே இல்லை என்று தெரிந்து பரிசைத் திருப்பிக்கொடுத்தார்கள். 2018 டிசம்பரில் ஜெர்மனியின் ‘டேர் ஸ்பீகல்’, தன் பரிசு பெற்ற நிருபர் ஒருவர் பல கட்டுரைகளில் ஆட்களையும் காட்சிகளையும் இட்டுக்கட்டியதாக வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. சரிபார்ப்புக்கென்று பெரிய பிரிவு வைத்திருக்கும் பத்திரிகை அது. அங்கேயே நடந்தது. இந்த இரண்டு கட்டுரைக்காரர்களுக்கும் நடை பிரமாதமாக வந்தது. அதனால்தான் இவ்வளவு நாள் யாரும் நோட்டைக் கேட்கவில்லை.

இரண்டு பேரை ஒரே ஆளாக்குவது, மூன்று நாளை ஒரு நாளாக மடிப்பது எல்லாம் இதே குடும்பம்தான். ‘சின்னதுதானே’ என்று தொடங்காதீர்கள்.

கட்டுரைக்குள் ‘நான்’ வரலாமா?

நீங்கள் அங்கே இருந்ததால் ஏதாவது மாறியிருந்தால் வரலாம். உங்களைப் பார்த்து அதிகாரி குரலை மாற்றினார் என்றால் ‘நான்’ தேவை. வெறுமனே பேருந்தில் ஏறியதையும் மழையில் நனைந்ததையும் சொல்வதற்கு வேண்டாம்.

பேச்சுத்தமிழை அப்படியே போடுவதா, எழுத்துத்தமிழாக மாற்றுவதா?

நம் மொழியில் எழுதுகிறவருக்கே உரிய தலைவலி. தப்பித்துக்கொள்ள வழியில்லை, ஒரு முடிவெடுத்துத்தான் ஆக வேண்டும். இரண்டு முறையிலும் நல்ல கட்டுரைகள் வந்திருக்கின்றன. ஒரு தவறு மட்டும் நிறையக் கண்ணில் படுகிறது. ‘நிலைமை ஆராயப்பட்டு உரிய நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று அதிகாரி இலக்கணமாகப் பேசுகிறார். கூலித் தொழிலாளி மட்டும் ‘என்னத்தச் சொல்ல சாமி’ என்கிறார். அதிகாரியும் வாயால் பேச்சுத்தமிழ்தான் பேசியிருப்பார்! ஒருவருக்குச் சட்டை போட்டுவிட்டு இன்னொருவரை அப்படியே நிறுத்துவது பாரபட்சம். பேச்சுநடை என்றால் எல்லாருக்கும், எழுத்துநடை என்றால் எல்லாருக்கும். மாற்றும்போது விகுதியைத் திருத்தலாம், சொல்லைத் திருத்தக் கூடாது. ‘புடுங்கிட்டாங்க’ என்றவரை ‘கையகப்படுத்தினார்கள்’ என்று பேசவைத்தால் அது அவர் சொன்னது இல்லை.

மரியாதை விகுதியும் இதோடு சேர்ந்ததுதான். கைதானவரை ‘அவன்’ என்று எழுதினால், நீதிமன்றம் உட்காருவதற்கு முன்பே நீங்கள் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள்.

‘என்றார்’ என்று எத்தனை தடவைதான் எழுதுவது?

எத்தனை தடவை வேண்டுமானாலும். படிக்கிறவர் கண்ணுக்கு அது தெரியாது. ‘ஒப்புக்கொண்டார்’ என்றால் அவர் எதையோ மறைத்திருந்தார் என்று ஆகிறது, ‘குறிப்பிட்டார்’ என்றால் சொன்னது உண்மை என்று ஆகிறது, ‘மழுப்பினார்’ என்றால் உங்கள் அபிப்பிராயம். இவற்றைவிட ஆபத்தானவை ‘கூறப்படுகிறது’, ‘தெரிகிறது’, ‘சொல்லப்படுகிறது’. யார் கூறினார்? யாருக்குத் தெரிகிறது? வரைவை முடித்ததும் இந்த மூன்று சொல்லையும் தேடிப்பாருங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் நீங்கள் பேசாமல் விட்ட ஓர் ஆள் இருப்பார்.

பழகுவதற்கு எதிலிருந்து தொடங்கலாம்?

ஏதாவது ஒரு வரிசை. மருத்துவமனை, அலுவலகம், எங்கேயாவது. இரண்டு மணி நேரம் நின்று, உவமையே இல்லாமல் 600 சொல் எழுதுங்கள். அடுத்த வாரம் அதே இடத்துக்குப் போய், முதலில் எழுதியதில் எது தவறு என்று பாருங்கள். இரண்டாவது முறை போகிறவர்கள் குறைவு. போகிறவர்கள் தேறிவிடுகிறார்கள்.

வெளியான பிறகு தவறு தெரிந்தால்?

திருத்தம் போடுங்கள். உடனே, தெளிவாக, என்ன தவறு என்று சொல்லி. இணையத்தில் சத்தமில்லாமல் வரியை மாற்றிவிட்டுப் போவது திருத்தம் ஆகாது.

என் ஆரம்ப நாளில், நிலத்தை இழந்த ஒரு பெரியவரைப் பற்றி ‘கண்ணீர் மல்கக் கூறினார்’ என்று எழுதினேன். கண்ணில் நீர் வடிந்தது நிஜம், நானே பார்த்தேன். கட்டுரை வந்த மறுநாள் அவரே போன் செய்தார். “தம்பி, நான் எங்கே அழுதேன்? கண் ஆபரேஷன் பண்ணி ஒரு வாரம்தான் ஆச்சு, தண்ணியா ஊத்துது.” கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. ஆசிரியர் அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போட வைத்தார்: பெரியவர் அழவில்லை, கண் அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்தார். அதையும் படித்துவிட்டு மறுபடி போன் வந்தது.

“எந்தக் கண்ணுன்னு போடலையே?”